ஊர்த் தெருவில் கழற்றிய கார்புரேட்டர்

பிள்ளைகளே, நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை. அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மூத்தவளே, உனக்கு அப்போது ஐந்து வயது. தம்பி பிறக்கவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்காற்று படும் தூரத்தில் இதே வீட்டில்தான் இருந்தோம். மெயின் ரோட்டிலிருந்து நம் காலனிக்கு வர ஒரே வழி ஊர்த் தெரு. ரோட்டுப் பக்கம் தெருவின் தொடக்கத்தில் அரிசி மில், நம் பக்கம் அதன் முடிவில் பஜனைக் கோயில். உங்களுக்குத் தெரிந்த தெருதான். வெளியார் யாராவது படித்தாலும் புரியட்டும் என்று சொல்கிறேன்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. காலனிக்காரன் சைக்கிளில் வந்தால், தெரு ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கிவிடுவான். தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டு போய், அப்புறம் ஏறிக்கொள்வான். அதற்கு போர்டு வைக்கவில்லை. என்னிடம் யாரும் வாயால் சொன்னதுகூட இல்லை. என் அப்பா இறங்கினார். அவரைப் பார்த்து நான் இறங்கினேன். மழை கொட்டினாலும் இறங்குவோம், காய்ச்சல் அடித்தாலும் இறங்குவோம். தம்பி, நீ இன்றைக்கு ஹேண்டிலில் இருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு ஓட்டுகிறாயே, அதே தெரு.

நான் பக்கத்தில் இருந்த அரசாங்க டவுன்ஷிப்பில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தேன். குடியிருப்புகளில் குழாய், மோட்டார் பழுது பார்க்கும் வேலை. அங்கே ஒரு ஆபீசர், மதுரைப் பக்கத்துக்காரர். மாற்றல் வந்து வடக்கே போகும்போது என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. என்னைவிட வயதில் மூத்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பல வருஷம் உப்புக்காற்று குடித்ததில் ரிம் எல்லாம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. இரும்புக்குப் போட மனசு வரல," என்றார். பேப்பர் எல்லாம் என் பேருக்கு மாற்றிக் கொடுத்தார்.

உங்கள் மாமன், அம்மாவின் தம்பி, அப்போது மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்துக்கொண்டிருந்தான். அதில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தோம். மில்லை நெருங்கியதும் அவனும் இறங்கினான். இரண்டு பேருமாகத் தள்ளினோம். மில்லுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா அது, காயலாங்கடைக்கா?"

"வூட்டுக்குதாங்கய்யா," என்றான் உங்கள் மாமன்.

"வூட்ல இன்னா, பூஜ பண்ணப் போறீங்களா?"

தெருவே சிரித்தது. நாங்களும் சிரித்துக்கொண்டே தள்ளினோம். பொணமாகப் போன வண்டியை யாரும் தடுக்கவில்லை.

நம் தொகுப்பு வீட்டுக்குப் பக்கத்தில் ஆட்டுக்கொட்டகை இருந்தது. ஆடுகளை விற்ற பிறகு அது சும்மா கிடந்தது. அதற்கு ஓலைத் தட்டி கட்டி, மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, காரேஜ் என்று பேர் வைத்தேன். உங்கள் அம்மா அதை ஆஸ்பத்திரி என்றாள். "ஆஸ்பத்திரியிலருந்து எப்ப வருவ, சோறு ஆறிக்கினு கீது" என்று குரல் கொடுப்பாள்.

எஞ்சின் உள்ளே துருவேறி இறுகிப்போயிருந்தது. கிக்கரின் மேல் ஏறி நின்றாலும் இறங்கவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை கிக்கரை அழுத்திப் பார்ப்பேன். அசையாது. மறுபடி ஊற்றுவேன். காலனிக்காரர்கள் வந்து தட்டிமேல் சாய்ந்துகொண்டு கேலி பேசுவார்கள்.

"இன்னா நைனா, கண்ணத் தொறந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"மந்திரிச்சுப் பாரேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சும்மா மிதித்துப் பார்த்தேன். கிரக் என்று ஒரு சத்தம். கிக்கர் அரை அங்குலம் இறங்கியது. நான் போட்ட கத்தலில் உங்கள் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்தாளாம்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பிரித்தேன். பிரிப்பது சுலபம். எது எங்கே இருந்தது என்று நினைவு வைப்பதுதான் கஷ்டம். கழற்றிய வரிசையிலேயே போல்ட்டுகளைக் கோணிமேல் வைப்பேன். நீ வந்து அதில் பல்லாங்குழி ஆடுவாய். உன்னைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மறுபடி யோசிப்பேன். கிடைக்காத சாமானுக்குப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். செங்கல்பட்டில் ஒரு லேத்துக்காரர் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் போய் மொட்டையான மட்கார்டுக்குப் பிரஷ்ஷாலேயே கறுப்பு பெயிண்ட் அடித்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் பிரஷ் மயிர் இன்னும் ஒட்டியிருக்கும், பாருங்கள்.

பெட்ரோல் டேங்குக்குள்ளே வெறும் துரு. பொடி ஜல்லியும் சோப்புத் தண்ணீரும் போட்டு, ஒரு முனையை நானும் மறு முனையை அம்மாவும் பிடித்துக்கொண்டு குலுக்கினோம். குலுக்கிக் கொட்டினால் செங்கல் பொடி மாதிரி வரும். வெள்ளைத் தண்ணீர் வரும் வரை விடவில்லை. அம்மா அப்போது இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை செய்தாள். அங்கே கிழிந்து போட்ட நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து, கோணி ஊசியால் சீட்டு தைத்ததும் அவள்தான். அது வண்டி இல்லை, நம் வீட்டு ஆள். அதில் எங்கள் இரண்டு பேர் கையும் படாத இடம் கிடையாது.

முதல் நாள் ஓட்டியதைச் சொல்கிறேன். பங்குனி மாத வெயில். நான் முன்னால், அம்மா பின்னால். நீ அழுதாய், உன்னை மாமனிடம் விட்டுவிட்டோம். எஞ்சின் டப்டப்பென்று நன்றாகத்தான் அடித்தது. காலனி பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். பஜனைக் கோயில் வந்தது.

நான் இறங்கிவிட்டேன்.

யாரும் இறங்கச் சொல்லவில்லை. தெருவில் ஆளே இல்லை, ஒரு மாடு கட்டியிருந்தது. என் கை கிளட்சைப் பிடித்தது, கால் கீழே போனது, எஞ்சினை அணைத்து இறங்கி நின்றேன். பழக்கம். சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் என் கால் தரையைத் தொட்டிருக்கிறது. மூளையைக் கேட்காமல் அதுவே தொட்டுவிட்டது.

"இன்னாத்துக்கு எறங்குன?" என்றாள் உங்கள் அம்மா. அவள் இன்னும் சீட்டில்தான் இருந்தாள்.

எனக்கே தெரியவில்லை. மறுபடி உதைத்தேன். சூடான எஞ்சின், கிளம்பவில்லை. வேறு வழியில்லாமல் அவளையும் இறக்கிவிட்டு, அவ்வளவு கனமான வண்டியைத் தெரு முழுக்கத் தள்ளினேன். மில் வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். வியர்வை வழிய நான் வருவதைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பரவால்லடா. வண்டி வாங்கினாலும் எறங்கித் தள்ளிக்கினுதான் வர்ற. மருவாத தெரிஞ்சவன்," என்றார்.

பாராட்டினார், பிள்ளைகளே. என் வாழ்க்கையில் பல பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்தப் பாராட்டு போல என்னைச் சுட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசி களைய உட்கார்ந்தாள்.  அப்புறம் உன்னைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்: "ஜூன்ல இவ ஸ்கூலுக்குப் போவணும். அந்தத் தெருவுலதான் போவணும். நீ எறங்குனா இவளும் எறங்குவா. எத்தினி தபா எறங்குனா காலு கத்துக்கும்னு உனுக்குத் தெரியாதா?"

 அப்போதே முடிவு செய்துவிட்டேன். உன் கால் அதைக் கற்றுக்கொள்ளக் கூடாது. எனக்கு வந்த வழக்கம் என்னோடு நிற்க வேண்டும். அதற்கு ஒரே வழி, பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாளே மூன்று பேரும் உட்கார்ந்தபடி அந்தத் தெருவைத் தாண்ட வேண்டும்.

சூட்டில் கிளம்பாத குறையைச் சரிபார்க்க மறுபடி ஆஸ்பத்திரி. தீப்பொறி கொடுக்கும் காயிலை மாற்றினேன், பாயிண்டைத் தேய்த்தேன். ஒரு உதையில் கிளம்பும்படி செய்தேன். ஆனால் என் காலைச் சரிபார்க்க எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கவில்லை. அதனால் காலனிக்குள்ளேயே, தண்ணீர் டேங்கைப் பஜனைக் கோயில் என்று நினைத்துக்கொண்டு, அதைத் தாண்டித் தாண்டி ஓட்டிப் பழகினேன். உங்கள் மாமன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா மாமா, டேங்கப் பாத்துப் பயப்புட்றியா?"

"கம்முனு இரு மச்சான். பிரேக்கு வெச்சேனா பாரு."

"வெச்ச. லேசா வெச்ச."

மறுபடி சுற்றினேன்.

ஜூன் வந்தது. உன்னைத் தலை சீவி, புது யூனிஃபார்மில் நெஞ்சுப் பக்கம் வெள்ளைக் கர்ச்சீப்பை ஊக்கால் குத்தி, பெட்ரோல் டேங்கின்மேல் உட்காரவைத்தோம். அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவளைப் பண்ணையில் இறக்கிவிட்டு, நான் வேலைக்குப் போவதாக ஏற்பாடு. பஜனைக் கோயில் வந்தபோது என் இடது கால் துடித்தது. அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள், சதையோடு. கால் பெடலிலேயே நின்றது. தெருவுக்குள் போனோம்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். யாரோ "டேய், எறங்குடா!" என்றார்கள். மில்லுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கையில் டீ டம்ளர். நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். மில் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பியதும் அம்மா மூச்சுவிட்ட சத்தம் என் முதுகில் கேட்டது. நீ மட்டும், "அப்பா, ஹாரன் அடி" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த வண்டிக்கு ஹாரன் இல்லை.

அந்த வாரம் முழுக்கப் போனோம், வந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்த் தெருவில் இருக்கும் ரேஷன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். அந்தக் காலத்து டேங்க் மூடிக்குப் பூட்டு கிடையாது.

திங்கட்கிழமை காலை, தெருவின் சரி பாதியில் எஞ்சின் இருமியது. இரண்டு தடவை திக்கிவிட்டு நின்றுபோனது. உதைத்தேன். உதைத்தேன். கிளம்பவில்லை.

தெரு அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அந்நேரத்துக்கு எப்போதும் திறக்காத கதவெல்லாம் திறந்தது. மில்லுக்காரர் நடந்து வந்தார். கூட இரண்டு மூன்று பிள்ளையாண்டான்கள்.

"இன்னாடா, நின்னுப்பூடுச்சா? சரி சரி, எறங்கித் தள்ளிக்கினு போ."

பிள்ளைகளே, எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் அது பொய்.  தள்ளினால் நூறு அடியில் மெயின் ரோடு. அங்கே மரத்தடியில் வைத்து நிம்மதியாகப் பார்க்கலாம். புத்தி அதைத்தான் சொன்னது. ஆனால் உன் செருப்புக் கால் டேங்கின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

சைடு ஸ்டாண்டைப் போட்டேன். நான் மட்டும் இறங்கினேன், வேலை செய்வதற்காக. வண்டியின் டூல் பெட்டியிலிருந்து கோணியை எடுத்து நடுத்தெருவில் விரித்தேன். ஸ்பேனர்களை வரிசையாக வைத்தேன். கோணிமேல் உட்கார்ந்தேன்.

"இன்னா பண்ற?" என்றார் அவர்.

"ரிப்பேர் பண்றேன் அண்ணாத்த."

அதுவரை அவரை நான் ஐயா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. வாயில் அப்படித்தான் வந்தது.

"இன்னா சொன்ன? அண்ணாத்தயா?"

"வயசுல மூத்தவரு நீங்க. வேற இன்னான்னு கூப்புட்றது?"

"டேய், நடுத்தெருவுல கட விரிக்காத. தள்ளிக்கினு போ."

"தள்ள மாட்டேன். இங்கயே சரி பண்ணி, குந்திக்கினேதான் போவேன்."

அவர் உன் பக்கம் திரும்பினார். "புள்ளயவாவது எறக்கி நெழல்ல வுடுடா. வெயில்ல காயுது பாரு."

உங்கள் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "புள்ளைக்கு வெயிலு பழக்கந்தான். எறங்குறதுதான் பழக்கம் இல்ல," என்றாள்.

நான் பெட்ரோல் பைப்பை உருவினேன். டேங்கைக் காலி செய்யப் பாத்திரம் வேண்டும். அங்கே கேட்டால் யார் கொடுப்பார்கள்? அம்மா தன் தூக்குச்சட்டியைத் திறந்து, மத்தியானத்துக்குக் கொண்டுவந்த கஞ்சியை ஓரமாக நின்ற நாய்க்கு ஊற்றிவிட்டு, சட்டியை என்னிடம் நீட்டினாள். வடிகட்டத் துணி வேண்டும். உன் நெஞ்சிலிருந்த கர்ச்சீப்பைக் கேட்டேன். நீ, "டீச்சர் திட்டுவாங்க" என்றாய். "நா சொல்லிக்கிறேன், குடு" என்றேன். ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாய்.

தூக்குச்சட்டியின் வாயில் கர்ச்சீப்பை விரித்து, பைப்பிலிருந்து வந்த பெட்ரோலை அதன் வழியாகச் சட்டியில் பிடித்தேன். துணியில் மணல் நின்றது. ஒரு கைப்பிடி இருக்கும். துரு என்றால் செங்கல் நிறத்தில் இருக்கும். அந்த டேங்கை நாங்கள் குலுக்கிய குலுக்கலில் அதில் துருவே கிடையாது. இது வெள்ளை மணல். கடற்கரை மணல். ஒன்றிரண்டு கிளிஞ்சல் துண்டுகூட இருந்தது.

நான் யார் பேரையும் சொல்லவில்லை. கர்ச்சீப்பை இரண்டு கையிலும் ஏந்தி, அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு சுற்று காட்டினேன். கோயிலில் ஆராதனைத் தட்டைக் காட்டுவது போல. ஒரு பிள்ளையாண்டான் தலையைத் திருப்பிக்கொண்டான். திண்ணை மேல் நின்ற ஒரு அம்மாள், "த்சு, கொழந்த குந்துற வண்டியில..." என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் உங்கள் மாமன் மீன்பாடி வண்டியோடு வந்து சேர்ந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து காதில் சொன்னான். "மாமா, பேஜாரு பண்ணாத. தூக்கி இதுல போட்டுக்கினு போய்டலாம்."

"வேணாம் மச்சான். டைம் ஆவும், ஆவட்டும்."

கார்புரேட்டரைக் கழற்றினேன். அடிக்கிண்ணத்தில் சேறு மாதிரி மணல். ஜெட் என்று ஊசிமுனை அளவு ஓட்டை உள்ள ஒரு பித்தளைத் துண்டு அதற்குள் இருக்கும். அது அடைத்திருந்தது. வாயில் வைத்து ஊதினேன். பெட்ரோல் நாக்கைச் சுட்டது. மறுபடி ஊதினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், ஓட்டை தெரிந்தது. அவசரப்படவில்லை. மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடந்ததை ஒவ்வொரு திருகாகக் கோர்த்தவன் நான். புது வண்டி வாங்கியவன் என்றால் அன்றைக்குத் தள்ளித்தான் இருப்பான். மணல் போட்டவர்களுக்கு அது தெரியவில்லை. எதைப் போட்டாலும் என்னால் எடுக்க முடியும்.

ஒருவன் என் ஸ்பேனர் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டான். நான் எழுந்து போய் எடுத்துவந்து, பழைய இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இன்னொரு தடவை அவன் தள்ளவில்லை.

வேலைக்குப் போகும் காலனிக்காரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். எங்களைப் பார்த்துவிட்டு மேலே போகாமல் நின்றார்கள்.  சும்மா நின்றார்கள். பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

எல்லாவற்றையும் மாட்டினேன். பெட்ரோலை ஊற்றி மூடினேன். கையைக் கோணியில் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முதல் உதை, ஒன்றுமில்லை. யாரோ சிரித்தார்கள். இரண்டாவது உதை, ஒரு புஸ். மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீ கை தட்டினாய். சைலன்சரில் சேர்ந்திருந்த எண்ணெய் எல்லாம் கருப்புப் புகையாக வந்து தெருவை மூடியது. மில்லுக்காரர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வரேன் அண்ணாத்த," என்றேன்.

அவர் வழியில்தான் நின்றிருந்தார். நான் கியரைப் போட்டுக் காத்திருந்தேன். எஞ்சின் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் ஒரு அடி, ஓரமாக, ஏதோ வீட்டுக்குள் வேலை இருப்பது போல நகர்ந்தார். நாங்கள் போனோம்.

பள்ளியில் பிரேயர் முடிந்துவிட்டிருந்தது. கர்ச்சீப்பை முகர்ந்து பார்த்த டீச்சர், "என்ன இது, பெட்ரோல் வாசனை?" என்று கேட்டார்கள். நான் சொல்லும் முன் நீயே சொன்னாய்: "எங்கப்பா ரோட்டுல வண்டி செஞ்சாரு."

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். சீட்டு இரண்டு தடவை கிழிபட்டது. அம்மா இரண்டு தடவையும் தைத்தாள். ஒரு தடவை டயரில் ஆணி. ஒட்டினேன். பின்னால் நின்ற சைக்கிள்காரர்களில் சிலர் மறுநாளே ஏறி ஓட்டினார்கள். சிலருக்கு மாதங்கள் ஆனது. என் வயதில் இரண்டு பேர் இன்றைக்கும் இறங்குகிறார்கள். அவர்களை யாரும் கேலி செய்யக் கூடாது; அந்தக் காலின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் உன் காலுக்கு அந்த இடம் எது என்றே தெரியாது. தம்பிக்குச் சொன்னாலும் புரியாது.

மில்லுக்காரர் மட்டும் சமாதானம் ஆகவில்லை. நாங்கள் போகும் நேரத்துக்கு நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். இன்று வரை அப்படித்தான் உட்காருகிறார். உட்காரட்டும். அந்த எஞ்சின் சத்தத்துக்கு முதுகு ஒரு தடை இல்லை.